ஐந்து ஏக்கரில் ஓர் ஆங்கிலக் கிராமம்

மேஜையில் அவர் வைத்தது ஒரு பிஸ்கட் டப்பா. மூடியில் தேன் நிறக் கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் ஓடை, வாசலில் ரோஜாக்கொடி, செங்குத்தான கூரைக்கு மேல் ஒரு கீற்றுப் புகை. "இது மாதிரி வேணும். 40 வீடு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கார் நிறுத்த இடம்" என்றார். டப்பாவுக்குள் பிஸ்கட்டும் இருந்தது. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டோம்.

வந்தவர் ஒரு டெவலப்பர். இடம் வட கரோலினாவில் ஒரு சிறுநகரத்தின் ஓரம், ஒரு காலத்தில் புகையிலை விளைந்த 5 ஏக்கர். நான் வேலை பார்க்கும் கட்டடக்கலை அலுவலகத்தில் மொத்தமே ஏழு பேர். முதலாளியம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னமும் கையால்தான் வரைவார். அவர் டப்பாவை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். அப்படி நகர்த்தினால் அந்த வேலை என்னுடையது என்று அர்த்தம்.

அவர் கேட்டது டவுன்ஹோம்கள். அப்படிச் சொன்னால் ஊரில் "அபார்ட்மென்ட்டா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அக்கிரகார வீடுகளை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்: சுவரோடு சுவராக வரிசை, ஆனால் கீழே மண்ணும் மேலே கூரையும் அவரவருடையது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி இதை இன்னும் கறாராகச் சொல்கிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் ஒட்டி நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை தனியாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பக்கம் திறந்தவெளி வேண்டும். மேலே ஒருவர் கீழே ஒருவர் என்ற பேச்சே இல்லை.

முதல் மூன்று வாரம் நான் வரைந்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒட்டுக்கல், அடுத்ததற்குச் செங்கல், அதற்கடுத்ததற்கு வெள்ளைப் பூச்சில் கறுப்பு மரச்சட்டம். ஒன்றுக்கு முக்கோண முகப்பு, ஒன்றுக்கு இரண்டு. கிராமம் என்றால் வீட்டுக்கு வீடு வேறாக இருக்கும் என்பது என் கணக்கு. முதலாளியம்மா அச்சுத்தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். "ஸ்கூல் டிராமா செட்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நல்லவேளையாக அந்த வருஷம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தங்கை குடும்பம் இருப்பது இங்கிலாந்தில் ஸ்விண்டன். அங்கிருந்து காரில் வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் பிஸ்கட் டப்பாவின் ஊருக்கே போய்விடலாம். ஊர் பெயர் பைபரி. மூடியில் இருந்த வரிசைக்கு ஆர்லிங்டன் ரோ என்று பெயர்.

போய் நின்றதும் முதலில் தெரிந்தது, இவை வீடுகளாகப் பிறந்தவையே இல்லை என்பது. 1380 வாக்கில் ஒரு மடத்துக்குச் சொந்தமான கம்பளிக் கிடங்காகக் கட்டியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் அதைத் தடுத்து நெசவாளர்களுக்கு வரிசை வீடுகளாக்கினார்கள். எதிரே ஓடைக்கு நடுவில் ஒரு புல்வெளித் திட்டு. நெய்த துணியைச் சட்டங்களில் காயப்போட்ட இடம் என்பதால் இன்றும் அதன் பெயர் ரேக் ஐல், சட்டத் தீவு என்று பொருள். அதாவது உலகமெல்லாம் காலண்டரில் மாட்டிவைக்கும் இந்த அழகு, ஒரு கோடவுனைப் பிரித்துக் கூலிக்காரர்களைக் குடிவைத்த கதை. டவுன்ஹோம் திட்டம் போட வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

இரண்டாவதாகத் தெரிந்தது கல். எல்லாம் ஒரே கல். சுவர், கூரை, வேலி, பாலம், கல்லறை எல்லாமே அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல். அப்போது மாட்டுவண்டியில் கல்லை எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரம்தான் ஊரின் நிறம். கூரைக்குப் போட்டிருப்பதும் அதே வகைக் கல்லின் மெல்லிய பாளங்கள். பக்கத்து மாவட்டத்தில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில், தோண்டியெடுத்த கல்லை ஈரம் காயவிடாமல் வைத்திருந்து குளிர்காலத்தில் வெளியே பரப்புவார்களாம். உறைபனி உள்ளே இறங்கி அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். உளி வேலையில் பாதியைப் பனியே பார்த்துக்கொள்ளும். அப்படிப் பிளந்தால் ஒரே அளவில் வராது. பெரிய பாளங்களைக் கூரையின் அடியிலும், மேலே போகப் போகச் சின்னதாகவும் அடுக்கினார்கள். கீழே நின்று பார்க்கும்போது கூரை உள்ளதைவிட உயரமாகத் தெரிகிறது.

நான் வரைந்து வைத்திருந்ததற்கு இது நேர் தலைகீழ். என் வரிசையில் பொருள் வீட்டுக்கு வீடு மாறியது. உள்ளே வீடு அச்சில் வார்த்தது போல ஒன்றேதான். இங்கே பொருள் ஒன்று. வாசல் உயரம், சன்னல் இடம், முகடு மட்டம் எல்லாம் ஆளுக்கு ஆள், தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. யாரும் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று முயற்சி செய்யவில்லை. கையில் இருந்தது இவ்வளவுதான் என்ற நெருக்கடியில் பிறந்த ஒழுங்கு அது. அந்த நெருக்கடியை நாமாகவே உண்டாக்கிக்கொண்டால் என்ன என்ற யோசனை அந்தப் பாலத்தின் மேல் நின்றபோதுதான் வந்தது. பின்னால் மாப்பிள்ளை, "மச்சான், போட்டோ எடுத்தாச்சா, பார்க்கிங் முடியப்போகுது" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, கூரை. இதற்காக எனக்கு அந்த டிக்கெட் செலவு முழுவதும் தகும்.

இந்தக் கல்பாளம் கனமானது, தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும். மழை நிற்காமல் ஓட வேண்டும் என்பதால் சரிவு 50 டிகிரி அளவுக்குச் செங்குத்தாக இருக்கும். டப்பா மூடியில் நம் கண்ணை இழுப்பது அந்தச் சரிவுதான். ஆனால் பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் வீட்டின் ஆழம் ஓர் அறைதான். உத்தரத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளம் அவ்வளவு. இந்த வகைப் பழைய குடிசைகள் பெரும்பாலும் 16, 18 அடி ஆழத்துக்குள் அடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 அடி ஆழமுள்ள வீட்டுக்கு 50 டிகிரி கூரை போட்டால் முகடு சுவருக்கு மேல் 10 அடி உயரும். நான் வரைந்திருந்த டவுன்ஹோமின் ஆழம் 40 அடி. அதற்கு அதே கூரை போட்டால் 24 அடி. இரண்டு மாடி வீட்டின் தலையில் இன்னும் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு தொப்பி. சரி என்று சரிவைக் குறைத்தால் கிராமம் போய்விடுகிறது, எந்த ஊர்ப் புறநகரிலும் இருக்கும் வீடாகிவிடுகிறது. அமெரிக்காவில் "இங்கிலீஷ் காட்டேஜ்" என்று விற்கும் வீடுகள் ஏன் உப்பிப்போய்த் தெரிகின்றன என்று பல வருஷமாக எனக்கு ஒரு உறுத்தல். விடை இந்தப் பெருக்கல் கணக்கில் இருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் வீடு பெரிதாக வேண்டும் என்றால் என்ன செய்தார்கள்? பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். அல்லது குறுக்கே இன்னொரு வீட்டை ஒட்டினார்கள். முதன்மைக் கூரையைத் தொடவே இல்லை. நம்மூரில் மாட்டுக்கும் விறகுக்கும் பின்னால் சாய்ப்பு இறக்குவோமே, அதே புத்தி.

அடுத்த நாள் மாப்பிள்ளையைக் கெஞ்சி டார்செட் பக்கம் போனோம். போகிற வழியில் மில்டன் ஆபஸ். இங்கிலாந்துக் கிராமம் என்றால் இதையும் சேர்த்துத்தான் காட்டுவார்கள்: இறங்கும் தெருவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைச் சுவர், ஓலைக் கூரை, முன்னால் புல்வெளி, மொத்தம் 36 வீடு. தானாக வளர்ந்த ஊர் போல இருக்கும். ஆனால் 1770களிலும் 1780ஐ ஒட்டியும் ஒரே மனிதர் போட்ட காலனி இது. லார்டு மில்டன் என்கிற ஜோசப் டேமருக்குத் தன் மாளிகைக்கு அருகில் இருந்த பழைய ஊர் கண்ணை உறுத்தியது. ஊரையே இடித்துவிட்டு, கண்ணில் படாத பள்ளத்தாக்கில் இந்தத் தெருவைப் போட்டு, மக்களைக் கொண்டுவந்து வைத்தார். நிலவெளியைத் திருத்தியவர் கேபபிலிட்டி பிரௌன். ஒவ்வொரு வீடும் இரண்டு குடும்பத்துக்கானது, நடுவில் பொதுவாசல். கிளம்ப மறுத்த ஒரு வக்கீலின் வீட்டுக்குள் மதகைத் திறந்து தண்ணீர் விட்டதாகவும், வக்கீல் கேஸ் போட்டு ஜெயித்ததாகவும் ஊரில் கதை சொல்கிறார்கள். "பாரம்பரிய ஆங்கிலக் கிராமத்தை காப்பி அடிக்கலாமா, அது பொய்யில்லையா?" என்று எங்கள் துறையில் மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. மூலமே பல இடங்களில் டெவலப்பர் வேலைதான் என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

பிரிஸ்டல் நகரத்தின் ஓரத்தில் பிளேஸ் ஹாம்லெட் இன்னும் விசேஷம். 1811இல் ஜான் நாஷ் என்ற கட்டடக்கலைஞர், ஹார்ஃபோர்டு என்ற வங்கி முதலாளிக்காக, ஓய்வுபெற்ற வேலைக்காரர்கள் தங்குவதற்குப் புல்வெளியைச் சுற்றி ஒன்பது குடில்கள் கட்டினார். ஒன்றைப் போல ஒன்று கிடையாது. புகைபோக்கிகளைப் பார்த்தால் கோபுரக் கலசம் போல ஆளுயரத்துக்கு மேல் செங்கல் அலங்காரம். எந்த வாசலும் எதிர்வாசலைப் பார்க்காதபடி திருப்பிவைத்திருக்கிறார்கள். கிழவிகள் வம்பு பேசக்கூடாது என்று முதலாளி விரும்பினார் என்பார்கள். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் எனக்குத் திகட்டிவிட்டது. ஒன்பதும் ஒன்பது விதமாகக் கையைத் தூக்கி "என்னைப் பார்" என்கின்றன. என் முதல் மூன்று வாரப் படங்களுக்கு நாஷ் பெரிய முன்னோடி.

பவுண்ட்பரிக்குப் போனபோது மழை. டார்செஸ்டர் நகரத்தின் மேற்கு எல்லையில், டச்சி ஆஃப் கார்ன்வால் எஸ்டேட்டின் நிலத்தில், அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் விருப்பப்படி எழுந்த ஊர். லியோன் கிரியர் திட்டம் போட்டார்; 1993இல் கட்டத் தொடங்கினார்கள். கட்டடக்கலை உலகம் இதை ஆரம்பத்தில் எப்படிக் கிண்டல் செய்தது என்பது எங்களுக்குக் கல்லூரியிலேயே பாடம். கிண்டலுக்கு இடமும் இருக்கிறது. பின்னால் கட்டிய ராணித்தாய் சதுக்கம் தூணும் மாடமுமாக, கிராமத்துக்குக் கல்யாண மண்டபத்து உடுப்பு மாட்டியது போல இருக்கிறது. தங்கை குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இது நிஜப் பழசா, பொய்ப் பழசா?" என்றாள். பொய்ப் பழசு என்றேன். "அப்ப ஏன் இவ்வளவு நேரம் நிக்கிறோம்?"

நின்றது முதலில் கட்டிய பகுதியின் சந்துகளுக்காக. அங்கே வீடுகளை முதலில் வைத்து, மிச்சம் கிடந்த இடத்தைச் சாலையாக்கியது போல இருக்கிறது. தெரு நேராகவே போகவில்லை. முப்பது நாற்பது அடிக்கு ஒரு முறை ஒரு வீட்டு மூலை முன்னே நீண்டு பார்வையை மறிக்கிறது. வேகத்தடைப் பலகையோ வெள்ளைக்கோடோ காணோம். ஆனால் கார் தானாகவே தயங்குகிறது. வாசலில் கராஜ் கதவு ஒன்றுகூட இல்லை. கார்களெல்லாம் பின்னால் சரளைக்கல் முற்றங்களில். குறைந்த வாடகை வீடுகள், குறைந்த விலை வீடுகள் என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள், 35 சதவீதம். அவற்றைத் தனி மூலையில் ஒதுக்கிவைக்காமல் அதே வரிசையில் கலந்து கட்டியிருக்கிறார்கள். எந்த வாசல் எது என்று அரைமணி நேரம் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கூரைக்கு என்ன ஓடு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவுக்குத் திரும்பும் வழியில் நியூயார்க்கில் ஒரு பகல் கிடைத்தது. குயின்ஸில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் கார்டன்ஸ் போய்ப் பார்த்தேன். ரசல் சேஜ் அறக்கட்டளை 1909இல் ஆரம்பித்த திட்டம். கட்டடம் கிராஸ்வெனர் ஆட்டர்பெரி, நிலவமைப்பு இளைய ஆல்ம்ஸ்டெட். ரயிலிலிருந்து இறங்கியதும் செங்கல் பாவிய சதுக்கம், வளைவுகள், கோபுரம், அதைத் தாண்டினால் பசும்புல்லைப் பார்த்தபடி ஒட்டுவீட்டு வரிசை. ஆங்கிலக் கிராமத்தை அமெரிக்க ஒட்டுவீடாக்க நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் முயன்று ஜெயித்திருக்கிறார். அதுவும் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்திருக்கிறார். நடுத்தர வருமானக்காரர்களுக்கு என்று தொடங்கியது, நிலத்தின் விலையால் சீக்கிரமே அவர்கள் கைக்கு எட்டாமல் போனது. என் டெவலப்பரிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அது விளம்பரமாகத் தோன்றிவிடும்.

திரும்பி வந்து முதலாளியம்மாவிடம் ஒரே தாளில் எழுதிக்கொடுத்தேன். ஒரு கல். ஒரு பூச்சு, அந்தக் கல்லின் நிறத்தில். ஒரு கூரைப்பொருள். இந்த மூன்றுக்கு வெளியே 40 வீட்டிலும் எதுவும் கிடையாது. மறுநாள் டெவலப்பர் வந்து படித்தார். "போரடிக்குமே" என்றார். பிஸ்கட் டப்பாவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, பட்ஜெட்?" என்றார்.

பட்ஜெட்டில்தான் முதல் சண்டை. இங்கே வழக்கம் என்னவென்றால், ஒன்றரை அங்குல கனத்தில் வார்த்த செயற்கைக் கல்லை முகப்பில் மட்டும் ஒட்டிவிட்டு, பக்கச் சுவருக்கு வினைல் பலகை அடித்துவிடுவார்கள். மூலையில் கல் திடீரென்று நின்றுவிடும், காகிதம் கிழிந்த இடம் போல. கும்பகோணத்தில் என் சித்தப்பா நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். அப்படி ஒரு வீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன். "என்னடா இது, மூலையில கல்லு திரும்பவே இல்ல? சுவத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டிருக்கானா?" ஆமாம் சித்தப்பா, ஸ்டிக்கர்தான் என்றேன். "மூலையப் பாத்தா மேஸ்திரி யாருன்னு தெரிஞ்சிடும்டா. மூலையில ஏமாத்தினா வீடு பூரா ஏமாத்துன மாதிரி." இதை அப்படியே மொழிபெயர்த்து மீட்டிங்கில் சொன்னேன். பிறகு கணக்கையும் வைத்தேன்: 40 முகப்புக்கு வாங்கும் அதே அளவு கல்லை வைத்து 14 வீட்டை வெளியே தெரியும் பக்கமெல்லாம் முழுதாக மூடலாம். அந்த 14ஐயும் வரிசைகளின் முனைகளிலும் திருப்பங்களிலும் வைப்போம். மிச்சம் 26 வீட்டில் ஒரு கல்கூட வேண்டாம், வெறும் பூச்சு. ஒரே செலவு. டெவலப்பருக்கு "ஒரே செலவு" என்ற இரண்டு சொல் போதுமானதாக இருந்தது.

கூரைக்குச் சாய்ப்பு வழிதான். முன்னால் 18 அடி ஆழத்துக்கு மட்டும் 45 டிகிரி கூரை. முகடு 9 அடி உயரம், அளவாக இருக்கிறது. மிச்ச 22 அடி பின்னால் சரிவு குறைந்த கூரையோடு இறங்குகிறது, தெருவிலிருந்து கண்ணில் படாது. கூரையிலிருந்து துருத்தி நிற்கும் மாடச்சன்னல்களை நினைத்த இடத்தில் வைக்க முடியவில்லை. நாங்கள் எடுத்த முறையில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான தீத்தடுப்புச் சுவரின் இரு பக்கமும் 4 அடிக்குள் கூரையில் எந்தத் திறப்பும் கூடாது. 20 அடி அகல வீட்டில் மிச்சம் 12 அடி. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தால், எல்லா மாடச்சன்னலும் தள்ளித் தள்ளி, இடைவெளி விட்டு அமைதியாக உட்கார்ந்துவிட்டன. பைபரிக்குக் கல்குவாரி போட்ட கட்டுப்பாடு போல, இதுவும் ஒரு குவாரிதான் என்று முதலாளியம்மா சொன்னார்.

சன்னலுக்கும் இப்படி ஒரு கதை. தீப்பிடித்தால் படுக்கையறைச் சன்னல் வழியாக ஆள் வெளியேற வேண்டும், உள்ளே தீயணைப்பு வீரர் நுழைய வேண்டும், அதற்குப் போதுமான அளவு திறப்பு கட்டாயம். சன்னலை நடுவில் பிரிக்கும் கல் நடுக்கால் வைத்த சின்னஞ்சிறு ஆங்கிலச் சன்னல் இதில் தேறாது. நடுக்கால் போலத் தெரியும் பட்டையைக் கதவிலேயே பொருத்தி, கதவோடு சேர்ந்து திறக்கும்படி செய்தோம். ஏமாற்று வேலைதான். சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

சாலை அகலத்தைப் பற்றி மட்டும் நாலு மாதம் பேசினோம். தீயணைப்பு வண்டிக்கு 20 அடி தடையில்லாத சாலை வேண்டும். கட்டடம் 30 அடிக்கு மேல் உயர்ந்தால் ஏணிவண்டிக்கு 26 அடி. பைபரியின் சந்துகளில் அந்த வண்டி மூக்கை நுழைக்க முடியாது. இது புதுச்சண்டையும் இல்லை. லண்டன் அருகே ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்பை ரேமண்ட் அன்வின் வடிவமைத்தபோது, அன்றைய விதி கேட்ட அகலமான சாலைகளிலிருந்து தப்பிக்க 1906இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. ஏக்கருக்குச் சராசரி எட்டு வீடு என்ற வரம்பும் அதில் உண்டு. எங்கள் 5 ஏக்கரில் 40 என்பதும் அதே எட்டுதான், யாரும் திட்டமிட்டதல்ல. ஆனால் எங்களுக்கு நாடாளுமன்றம் இல்லை, தீ விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, ஊர் ஃபயர் மார்ஷல் இருந்தார். நல்ல மனிதர். "எனக்கு 20 அடி வேணும். அது கண்ணுக்கு 20 அடியாத் தெரியணும்னு நான் கேக்கலை" என்றார் ஒரு நாள். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு, நடுவில் 12 அடிக்குத் தார், இரண்டு பக்கமும் நாலு நாலு அடிக்கு அதே மட்டத்தில் செங்கல் பாவியது. வண்டி ஓடும். பார்ப்பவருக்குத் தெரு ஒடுங்கித் தெரியும். உயரத்தை 30 அடிக்குள் நிறுத்த கூரைக் கணக்கே உதவியது.

கார் பின்னால் போனது. கொல்லைப்புறம் போகிறதே என்று டெவலப்பர் புலம்பினார்; பதிலுக்கு நடுவில் பொதுப்புல்வெளி கொடுத்தோம். புகைபோக்கிகளில் மூன்று பொய். மற்றதெல்லாம் கேஸ் அடுப்புக்கணப்பின் குழாயையாவது உள்ளே சுமக்கின்றன. அந்த மூன்றையும் நான் எதிர்த்தேன், தோற்றேன். எவை என்று சொல்லமாட்டேன்.

கட்டி முடிந்து நாலு வருஷமாகிறது. போன மாதம் 17ஆம் எண் வீட்டிலிருந்து ஓர் அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மழையில் சாவியைத் தேடி நனைகிறேன், வாசலுக்கு மேல் சின்னதாக ஒரு சாய்ப்பு போட்டுக்கொள்ள வேண்டும், குடியிருப்போர் சங்கம் அனுமதி மறுத்துவிட்டது என்றார். மறுப்புக் கடிதத்தையும் கொண்டுவந்திருந்தார். "மூல வடிவமைப்பில் இடம்பெறாத எந்தப் பகுதியையும் சேர்க்கக் கூடாது" என்ற விதியை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அந்த விதியை எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். ஒரு கல், ஒரு பூச்சு என்று கட்டுப்பாடு எழுதிய அதே ராத்திரி, எவராவது வினைல் பலகை அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். வக்கீல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்.

ஆர்லிங்டன் ரோவுக்கு 17ஆம் நூற்றாண்டில் அப்படி ஒரு சங்கம் இருந்திருந்தால் அது இன்னும் கோடவுனாகவே இருந்திருக்கும்.

சங்கத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். 17ஆம் எண்ணுக்கு ஒரு சாய்ப்பு வரைந்து இணைத்தேன்: மூன்றடி நீட்டம், அதே 45 டிகிரி, அதே கூரைப்பொருள், தாங்க இரண்டு மரக்கொடுங்கை. வேறு யாருக்காவது வேண்டுமென்றால் இருக்கட்டும் என்று, அளவுகளைக் கொஞ்சம் மாற்றி இன்னும் நாலு வரைந்தேன். முதலாளியம்மா பார்த்துவிட்டு ஐந்தாவதை மட்டும் அழித்துத் திரும்ப வரையச் சொன்னார். டிராமா செட் வாடை வருகிறதாம்.

கூட்டம் அடுத்த செவ்வாய்க்கிழமை. அதுவரைக்கும் அந்த அம்மாள் வாசலில் ஒரு பெரிய கடற்கரைக் குடையை நட்டுவைத்திருக்கிறார், பச்சையும் வெள்ளையும் பட்டை போட்டது. அதற்கும் நேற்று ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது.